குடும்பத் தோட்டத்து ஒயின் என்றால் மருந்து அடிக்க மாட்டார்களா?

வாசகர் கேள்வி, 2024 மே 11
பிரான்சில் பரம்பரையாக ஒயின் செய்யும் குடும்பங்கள் தோட்டத்துக்கு மருந்தே அடிப்பதில்லை, பெரிய கம்பெனிகள்தான் அடிக்கின்றன என்று படித்தேன். ஆர்கானிக் என்று போட்டிருந்தால் தைரியமாகக் குடிக்கலாம், மறுநாள் தலைவலி வராது என்றும் சொல்கிறார்கள். சரிதானே?

மே 11, இரவு
சரியில்லை. ஆனால் வந்த புதிதில் நானும் இதையேதான் நம்பினேன்.

நான் இருப்பது பிரான்சின் தூர் நகரம். லுவார் ஆற்றைத் தாண்டி, கிழக்கே பத்து கிலோமீட்டர் போனால் வூவ்ரே. வெள்ளை ஒயினுக்குப் பெயர் போன ஊர். கிட்டத்தட்ட எல்லாமே ஷெனன் பிளாங் என்ற ஒரே திராட்சை. 2018-இல் படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் இருந்த இடைவெளியில், அங்கே ஒரு குடும்பத் தோட்டத்தில் ஐந்து வாரம் அறுவடைக்குப் போனேன். ஆர்கானிக் சான்றிதழ் உள்ள தோட்டம். கொட்டகைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது, அடுக்கி வைத்திருந்த நீலத் தூள் மூட்டைகள். மேலே எழுதியிருந்தது: போர்தோ கலவை. பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் சித்தப்பாவுக்குக் கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு. போர்தோ என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாத வயதில், "போர்டோ மிக்சர்" கலக்க வாளி தூக்கிக் கொடுத்தவன் நான். மயில்துத்தம் (செம்பு சல்பேட்) ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து ஊற்ற வேண்டும், இரும்புப் பாத்திரம் கூடாது. கடைசியில் கத்தியை முக்கிப் பார்ப்பார். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம்.

ஆக, ஆர்கானிக் என்றால் மருந்தே இல்லை என்று பொருள் இல்லை. ஆலையில் செயற்கையாகத் தயாரிக்கும் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, களைக்கொல்லி, ரசாயன உரம் கூடாது. செம்பும் கந்தகமும் அடிக்கலாம்.

மே 12
நேற்று விட்டுப்போனது. ஆர்கானிக் தோட்டக்காரர் பெரும்பாலும் மற்றவர்களைவிட அதிகத் தடவை அடிக்கிறார். செயற்கை மருந்துகளில் பல, இலைக்குள் ஊடுருவி உட்கார்ந்துகொள்ளும். செம்பு இலையின் மேல்தான் நிற்கும். ஒரு நல்ல மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். புதிதாக விடுகிற தளிருக்கும் பாதுகாப்பு இல்லை. மழை விட்டதும் மறுபடி டிராக்டரை எடுக்க வேண்டியதுதான்.

எல்லாம் அடிச்சாம்பல் நோயால் வந்த வினை. 1870களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு வேரைத் தின்கிற பிலோக்சரா பூச்சி தோட்டங்களைக் காலி செய்துகொண்டிருந்தது. அதற்கு மாற்றாக அமெரிக்கக் கொடிகளைக் கொண்டுவந்தபோது இந்தப் பூஞ்சையும் கூடவே வந்துவிட்டது. போர்தோவில் தாவரவியல் பேராசிரியராக இருந்த மில்லார்தே 1882-இல் கவனித்தது என்னவென்றால், மெதோக் பகுதியில் சாலையோரக் கொடிகள் மட்டும் இலையோடு பச்சையாக நிற்கின்றன. விசாரித்தால், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்கத் துத்தமும் சுண்ணாம்பும் அடித்து வைத்திருக்கிறார்கள். பார்த்தால் விஷம் போல இருக்க வேண்டும் என்று. திருடனுக்குப் பயந்து கண்ட மருந்து. 1885-இல் அவர் முறையை வெளியிட்டார்.

மே 13
செம்பு எவ்வளவு அடிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஐரோப்பிய விதிப்படி ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ, அதாவது ஆண்டுக்குச் சராசரி 4 கிலோ. 2019-இலிருந்து இந்தக் கணக்கு. முன்பு ஆண்டுக்கு 6 கிலோ இருந்தது. சித்தப்பா ஓர் ஏக்கருக்கு ஒரு தடவையில் இரண்டு கிலோ துத்தம் கரைப்பார். ஹெக்டேருக்கு 4 கிலோ என்றால் ஏக்கருக்கு 1.6 கிலோதான். அவர் ஒரே தெளிப்பில் பிரெஞ்சுக்காரனின் ஒரு வருடக் கோட்டாவைத் தாண்டிவிடுவார்!

மே 14
நேற்று எழுதிய கணக்கு அபத்தம். அழிக்காமல் விடுகிறேன், எனக்கே பாடமாக இருக்கட்டும்.

4 கிலோ என்பது செம்பு உலோகத்தின் எடை. துத்தத்தில் நாலில் ஒரு பங்குதான் செம்பு, மீதி கந்தக அமிலப் பகுதியும் தண்ணீரும். அப்படியானால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஆறரைக் கிலோ துத்தம் வரை போகலாம். சித்தப்பா மூன்று தெளிப்பில் எல்லையைத் தொடுவார். போனில் சொன்னேன். "ஒத்தத் தடவையிலயே தாண்டிட்டேன்னு ஊரெல்லாம் எழுதிட்டு, இப்ப மூணுங்கிற. டேய், நீ எம்எஸ்சிதான படிச்ச?" என்றார்.

மே 19
"சரி, குடும்பத் தோட்டம் விஷயத்துக்கு வாங்க" என்று ஒருவர். வருகிறேன். ஊர்க்கதை ஒன்றே சொல்கிறேன். தொமேன் ஹுவெட், அதாவது ஹுவெட் தோட்டம். வூவ்ரே ஒயின் என்றால் முன்னால் வரும் பெயர்களில் ஒன்று.

1928-இல் விக்தோர் ஹுவெட் என்பவர் 'லெ ஒ-லியூ' என்ற தோட்டத்தை வாங்கினார். மகன் கஸ்தோன் 1937-இலிருந்து பார்த்துக்கொண்டார். போர் வந்தது, ஜெர்மானியர்களிடம் பிடிபட்டு ஐந்து ஆண்டு கைதி முகாமில் இருந்தார். திரும்பி வந்த பிறகு மேலும் இரண்டு தோட்டங்கள் சேர்ந்தன: 'லெ மோன்', 'குளோ து பூர்'. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான், ஆனால் மண் வேறு. ஒ-லியூவில் ஆழமான களிமண். மோனில் களிமண்ணோடு சிக்கிமுக்கிக் கல். பூரில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழேயே சுண்ணாம்புப் பாறை. பெரும்பாலும் மூன்றையும் கலக்காமல் தனித்தனிப் புட்டியில்தான் அடைக்கிறார்கள்.

கஸ்தோன் நாற்பது வருடத்துக்கும் மேல் வூவ்ரேயின் மேயர். அதிவேக ரயில் பாதை திராட்சைத் தோட்டங்களை வெட்டிக்கொண்டு போகும் என்ற திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றவர். கடைசியில் பாதை தோட்டங்களுக்கு அடியில் சுரங்கமாகப் போனது. பாரிசிலிருந்து தென்மேற்கே டேஜேவே என்ற அந்த அதிவேக ரயிலில் போகிறவர்கள் ஷெனன் வேருக்குக் கீழே போகிறோம் என்று தெரியாமலே போகிறார்கள்.

மே 19, சற்றுப் பிறகு
ஹுவெட் இல்லை, "உவே". பிரெஞ்சில் எச் ஊமை, கடைசி எழுத்தும் பெரும்பாலும் ஊமை. பக்கத்து மேசை நண்பர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். பன்னிரண்டு வருடம் இங்கே இருந்தும் கை ஆங்கிலத்திலேயே படிக்கிறது. இனி உவே.

மே 26
இப்போதுதான் விஷயம். உவே குடும்பம் பரம்பரையாகவே ஆர்கானிக் என்று நினைத்தால் அது இல்லை. மாற்றம் வந்தது மருமகன் வழியாக. நோயேல் பாங்கே, கணிதம் படித்தவர். 1971-இல் மாமனாரோடு வேலையில் சேர்ந்தார். 1980களின் பிற்பகுதியில் ஒரு பகுதியில் உயிராற்றல் வேளாண்மையைச் சோதித்துப் பார்த்து, 1990 வாக்கில் மூன்று தோட்டங்களையும் அதற்கு மாற்றினார். சோதனை செய்து பார்த்துவிட்டு முழுதாக இறங்கியது கணக்கு வாத்தியார் புத்தி என்று எனக்குத் தோன்றும். ஊரில் அப்போது யாரும் அதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

உயிராற்றல் (பயோடைனமிக்) முறை, ஆஸ்திரியத் தத்துவவாதி ருடால்ஃப் ஸ்டைனர் 1924-இல் ஆற்றிய உரைகளிலிருந்து வந்தது. ஆர்கானிக் விதிகள் எல்லாம் உண்டு. அதற்கு மேல் நிலா நாள்காட்டி, மூலிகைத் தயாரிப்புகள். பெயர் பெற்ற தயாரிப்பு: பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து இலையுதிர் காலத்தில் புதைத்து, வசந்தத்தில் எடுத்து, ஒரு கைப்பிடி அளவைத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் சுற்றுவது. ஒரு பக்கம் சுழி விழும்வரை, பிறகு எதிர்ப்பக்கம். பஞ்சகவ்யா கலக்கிய ஊர்க்காரர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது.

நான் வேலை பார்த்த தோட்டம் ஆர்கானிக் மட்டும்தான், கொம்பு கிடையாது. முதலாளியம்மா சொன்னார்: "எனக்குச் சாணத்தில் நம்பிக்கை உண்டு, கொம்பில் இல்லை." எனக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

மே 27
கொம்பை நம்பாதவன் ஏன் உவேயின் ஒயினைப் புகழ்கிறாய் என்று கேள்வி. நியாயம்தான். யோசித்துப் பார்த்தேன். நிலா பார்க்கிறவன், நிலாவுக்காகவாவது தினமும் தோட்டத்துக்குப் போகிறான். இலையைத் திருப்பிப் பார்க்கிறான். அடிச்சாம்பல் நோயின் அடையாளமான, எண்ணெய்த் துளி போன்ற மஞ்சள் புள்ளி தெரிந்த அன்றே டிராக்டரை எடுக்கிறான். பலன் கொம்பால் வந்ததா, நடையால் வந்ததா என்று யார் பிரிப்பது?

ஜூன் 9
குடும்பக் கதையின் மீதி. கஸ்தோன் 2002-இல் இறந்தார். 2003-இல் தோட்டத்தை ஆந்தனி ஹ்வாங் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் வாங்கினார். ஹங்கேரியின் டோகாயிலும் அவருக்குத் தோட்டம் இருந்தது. பாங்கே தொடர்ந்து பொறுப்பில் இருந்தார், 2012-இல் திட்டமிட்டதற்கு முன்பே விலகினார். இப்போது பெயரில் மட்டும்தான் உவே. ஆனால் உயிராற்றல் முறை நிற்கவில்லை. பிறகு ஹ்வாங்கின் மகள் சாரா பொறுப்பேற்றார், அதே வழியில்தான் போனார்.

அப்படியானால் "குடும்பம் என்றால் இயற்கை, பணக்காரர் வாங்கினால் ரசாயனம்" என்பது நிற்காது. ஆரம்பித்த குடும்பம் முதல் அறுபது வருடம் மற்றவர்களைப் போலவே உழுதது. விலைக்கு வாங்கியவர் சாணக் கொம்பைக் கைவிடவில்லை.

ஜூன் 10
"முதல் அறுபது வருடம் மற்றவர்களைப் போல" என்று எழுதியது கொஞ்சம் அவசரம். 1928-இல் பிரான்சில் இன்று இருக்கிற செயற்கை மருந்துகளே கிடையாது. அன்று பெரும்பாலும் துத்தமும் கந்தகமும்தான். களைக்கொல்லியும் மற்றதும் போருக்குப் பின்னால் வந்தவை. விக்தோர் உவே பெயர் தெரியாமலே ஏறக்குறைய ஆர்கானிக் விவசாயிதான். சித்தப்பாவின் அப்பாவும் அப்படியே. பன்னீர் திராட்சையையே 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கொண்டு வந்தார் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கொடி முதலில் வந்தது, நோய் பின்னால் வந்தது, மருந்தும் பெயரும் கடைசியில் வந்து சேர்ந்தன.

ஜூன் 23
மழை. ஏப்ரலிலிருந்து மழை. இங்கே தோட்டக்காரர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்படிப்பட்ட ஆண்டில் ஆர்கானிக்காரன் என்ன செய்வான்? போர்தோ பக்கம் பொயாக்கில் பொன்தே-கானே என்ற பெரிய தோட்டம், தெசெரோன் குடும்பத்துக்குச் சொந்தம். 2004-இல் உயிராற்றல் முறையைத் தொடங்கினார்கள். 2007-இல் இதே மாதிரி ஈரம், அடிச்சாம்பல் பரவியது. ஆல்ஃபிரெட் தெசெரோன் பயந்து ரசாயன மருந்து அடிக்கச் சொல்லிவிட்டார். சான்றிதழுக்கான ஓட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று, 2010-இல்தான் கிடைத்தது. செய்ததை நினைத்து வருந்தினார் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அப்புறம் 2018-இல் மறுபடி நோய் தாக்கியது. இந்தத் தடவை அடிக்கவில்லை. விளைச்சலில் பெரும் பகுதி போயிற்று.

2018 என்றதும் எனக்கு உறைக்கிறது. அதே ஆண்டு, இங்கே லுவாரில் கூடைகூடையாக நான் வெட்டிக்கொண்டிருந்தேன். நல்ல விளைச்சல், அள்ள ஆள் இல்லை. நாட்டுக்குள்ளேயே வானம் இப்படிப் பாரபட்சம் காட்டும்.

பொன்தே-கானே புட்டி விற்கும் விலைக்கு ஒரு வருடம் போனாலும் தாங்கும். பத்து ஹெக்டேர் வைத்துக்கொண்டு வங்கிக் கடன் கட்டுகிற குடும்பம் அந்த இரவில் என்ன முடிவெடுக்கும்? கேள்வி குடும்பமா கம்பெனியா என்பதில்லை, ஒரு விளைச்சல் போனால் அடுத்த வருடம் வரை மூச்சு இருக்கிறதா என்பதுதான். முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 24
இதை மறுக்கிற உதாரணமும் என்னிடமே இருக்கிறது. பர்கண்டியில் எம்மானுவல் ழிபூலோ, சிறிய ஆர்கானிக் தோட்டக்காரர். அப்பா காலத்திலேயே அந்த முறைக்கு வந்த குடும்பம். கொடியை மஞ்சளாக்கிச் சாகடிக்கும் ஒரு நோயைத் தத்துப்பூச்சி பரப்புகிறது, எல்லோரும் பூச்சிமருந்து அடித்தே ஆக வேண்டும் என்று 2013-இல் அரசு உத்தரவு. ஆர்கானிக்காரர்களுக்கும் விலக்கு இல்லை, அவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட தாவர மருந்தையாவது அடிக்க வேண்டும். இவர் முடியாது என்றார். தன் பக்கம் நோயே இல்லை, தேனீயும் நல்ல பூச்சிகளும் சாகும் என்பது வாதம். 2014 ஏப்ரலில் 1000 யூரோ அபராதம், பாதி நிறுத்திவைப்பு. டிசம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. மூச்சு குறைவாக இருந்தவர்தான், ஆனாலும் நின்றார்.

பக்கத்துத் தோட்டக்காரர் கோணத்தில் பார்த்தால் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. பூச்சிக்கு வேலி தெரியாது.

ஜூலை 21
தலைவலிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைவூட்டினார்கள்.

எல்லோரும் சல்ஃபைட் மேல், அதாவது ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தக உப்பு மேல், பழி போடுகிறார்கள். நொதிக்கும்போது ஈஸ்டே கொஞ்சம் உண்டாக்கும், ஆகவே சுத்தமாக இல்லாத ஒயின் அரிது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் தாண்டினால் புட்டியில் எழுதியே ஆக வேண்டும். இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்குச் சாதாரண உச்சவரம்பு 150 மில்லிகிராம், ஆர்கானிக்குக்கு 100. வெள்ளைக்கு 200, ஆர்கானிக்குக்கு 150. ஆர்கானிக்கில் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. இனிப்பு ஒயினில் சர்க்கரை மீண்டும் நொதித்துவிடாமல் இருக்க இன்னும் அதிகம் வேண்டும். உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை சட்டமே அனுமதிக்கிறது, அதைத் தின்றுவிட்டு யாரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை.

இன்னொன்று, 2012 அறுவடைக்கு முன்பு வரை ஐரோப்பாவில் "ஆர்கானிக் ஒயின்" என்றே எழுத முடியாது. "ஆர்கானிக் திராட்சையில் செய்த ஒயின்" என்றுதான். விதி தோட்டத்து வாசலோடு நின்றது, நிலவறைக்குள் நுழையவில்லை. அந்த ஆண்டில்தான் உள்ளேயும் விதி வந்தது.

தலைவலிக்கு என் அனுபவ மருந்து: மூன்றாவது கிளாஸை ஊற்றாதீர்கள்.

ஜூலை 22
சைவமா என்று தனியாக ஒருவர் கேட்டார். ஆர்கானிக் என்பதால் சைவம் ஆகிவிடாது. கலங்கலைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை எல்லாம் ஆர்கானிக்கிலும் அனுமதி உண்டு. எல்லோரும் போடுவதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஒயின் குடிப்பதே தெரியாது, இதில் மீன் வேறா.

செப்டம்பர் 29
அறுவடை தொடங்கிவிட்டது, சாலையில் டிராக்டர் பின்னால் ஊர்ந்து போகிறேன். பழைய நினைவு.

முதல் வாரம் இனிப்பில்லாத ஒயினுக்கு. பொன்னிறக் குலையை வெட்டு, அழுகலை விடு. பழகிவிட்டது. மூன்றாம் வாரம் ஒரு காலை, பனி விலகும்போது, இனிப்பு ஒயினுக்கு வெட்டச் சொன்னார்கள். நான் வழக்கம்போல அழகான குலைகளாகப் பார்த்து வெட்டி வாளியை நிரப்பினேன். முதலாளியம்மா வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வாளியிலிருந்து ஒரு குலையை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு கொடியில் நான் விட்டுவைத்ததைக் காட்டினார்: ஊதா நிறத்தில் சுருங்கி, சாம்பல் பூத்து, பார்த்தால் குப்பையில் போடத் தோன்றும். வாயில் போடச் சொன்னார். தேன், ஈச்சம்பழம், அதற்கு அடியில் எலுமிச்சைப் புளிப்பு.

அதுவும் பூஞ்சைதான். ஒரு பூஞ்சையை விரட்ட வருடம் முழுக்கச் செம்பு அடிக்கிறார்கள், இன்னொரு பூஞ்சை எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். காலையில் ஆற்றுப் பனி, மதியம் வெயில் இருந்தால் அது நல்லபடியாக வரும். மழையே பெய்தால் வெறும் அழுகல், வினிகர் வாடை அடிக்கும். அதனால்தான் ஒரே கொடிக்கு மூன்று நாலு தடவை போய்ப் பொறுக்கி வெட்டுகிறார்கள். மெஷின் இதைச் செய்யாது. கூலியும் முதுகுவலியும் அந்த விலையில் அடக்கம்.

நான் வெட்டிய அழகான குலைகள் அடுத்த வாளியில் இனிப்பில்லாத ஒயினுக்குப் போயின என்று பிறகு சொன்னார்கள். ஆறுதலுக்குச் சொன்னார்களோ என்னவோ.

அக்டோபர் 20
நேற்று அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கொட்டகைச் சுவரில் நாள்காட்டி, தெளித்த நாட்களை நீலப் பேனாவால் வட்டமிட்டிருந்தார்கள். எண்ணினேன். பதினாறு. ஒவ்வொரு தடவையும் ஹெக்டேருக்கு 250 கிராம் செம்பு, சரியாக 4 கிலோவில் நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியும் விளைச்சல் பாதிகூட இல்லை.

இரவு சித்தப்பாவிடம் சொன்னேன்.

"எத்தன தடவ?"

"பதினாறு, சித்தப்பா. கொஞ்சம் கொஞ்சமா."

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. மனசுக்குள் துத்தக் கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன்.

"பதினாறு தடவ டிராக்டர் ஓடுச்சுன்னா டீசலுக்கு என்னடா ஆகும்? அது அந்தப் பாட்டில் மேல எழுதியிருக்கா?"